திருப்பும், இழுக்காது

பிளஸ் டூ இயற்பியலில் நிலைமின்னியல் பாடம் நடத்துகிற எவரும் இதைச் சொல்லாமல் கடந்து போக முடியாது: சீரான மின்புலத்தில் ஒரு மின் இருமுனையை வைத்தால் அதன் மீது நிகர விசை சுழி, ஆனால் திருப்பு விசை உண்டு. இருமுனை என்பது சிறு இடைவெளியில் நிற்கும் இரண்டு மின்னூட்டங்கள். ஒன்று நேர், மற்றது எதிர், அளவு ஒன்றே. புலம் நேர் மின்னூட்டத்தை ஒரு பக்கம் இழுக்கிறது, எதிர் மின்னூட்டத்தை அதே வலிமையுடன் மறுபக்கம் இழுக்கிறது. இரண்டும் கழிந்துபோவதால் இருமுனை இடம்பெயராது. ஆனால் அவ்விரு விசைகளும் ஒரே கோட்டில் செயல்படாததால் அது திரும்பும். இருமுனைத் திருப்புத்திறன், புலத்தின் வலிமை, இடைக்கோணத்தின் சைன் மூன்றையும் பெருக்கினால் திருப்பு விசை கிடைத்துவிடும். தேர்வில் இது சில நிமிட வேலை.

என்னைத் தேட வைத்த கேள்வி வேறு. வருவித்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. முதலில் கண்டவர் யார்? இரண்டு சமமான எதிர்விசைகள் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெட்டவெளிச்சம். அது தெரியாத காலத்தில், ஒரு பொருள் திரும்புகிறது, ஆனால் எந்தப் பக்கமும் இழுக்கப்படவில்லை என்பதை ஒருவர் சோதனை செய்தே கண்டிருக்க வேண்டும். அந்தச் சோதனையைத்தான் தேடினேன்.

பின்னிருந்து முன்னோக்கிப் போவதே பழைய ஏடுகளைத் தேடுவதற்கு நல்ல வழி. எனவே 1921இல் தொடங்கினேன். அந்த ஆண்டு ஜெர்மன் இயற்பியல் இதழான 'ட்ஸைட்ஷ்ரிஃப்ட் ஃபூர் ஃபிஸிக்'கின் ஆறாம் தொகுதியில் ஹார்ட்முட் கால்மன், ஃப்ரிட்ஸ் ரைஷ இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீரற்ற விசைப்புலங்களின் ஊடாக இயங்கும் மூலக்கூறுகளைப் பற்றியது அது. தனித்தனி மூலக்கூறுகளுக்கு இருமுனைத் திருப்புத்திறன் உண்டா என்று அறிய வேண்டுமா? அவற்றைக் கற்றையாக அனுப்பி, அவை விலகுகின்றனவா என்று பாருங்கள் என்பது அவர்களின் யோசனை. தலைப்பிலேயே 'சீரற்ற' என்ற அடைமொழி இருப்பதைக் கவனிக்க வேண்டும். சீரான புலத்தில் விலகல் இராது என்பதை அவர்கள் நிறுவவில்லை. வாசகருக்குத் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இதே யோசனையைக் காந்த அணுக்களுக்கு வைத்திருந்த ஓட்டோ ஸ்டெர்ன், அவர்களின் கட்டுரை வரப்போவதை அறிந்து தன்னுடையதை விரைந்து எழுதி அதே இதழின் ஏழாம் தொகுதியில் வெளியிட்டார். மறு ஆண்டு அது ஸ்டெர்ன்–கெர்லாக் சோதனையாயிற்று. மின் இருமுனைக்குரிய சோதனையை 1927இல் ஸ்டெர்னின் ஹாம்பர்க் ஆய்வகத்தில் எர்வின் விரீட செய்து காட்டினார். ஆக, 1921இல் நம் வாக்கியம் ஏற்கெனவே பழைய சொத்து.

அடுத்த நிறுத்தம் 1912, பீட்டர் டெபாய். சில மூலக்கூறுகள் பிறப்பிலேயே இருமுனைகள் என்று சொல்லி, மின்கடத்தாப் பொருள்களின் இயல்பு வெப்பநிலையோடு மாறுவதை விளக்கியவர். இன்றும் மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் அவர் பெயரால்தான் அளக்கப்படுகிறது. நீர் மூலக்கூறுக்கு அது 1.85 டெபாய். மீட்டருக்கு 10 லட்சம் வோல்ட் என்ற வலிய புலத்தில் ஒரு நீர் மூலக்கூறை வைத்தாலும், புலம் அதைத் திருப்பச் செலவிடும் ஆற்றல், அறை வெப்பநிலையில் அதை அலைக்கழிக்கும் வெப்ப ஆற்றலில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆகவே மூலக்கூறுகள் வரிசையில் நின்றுவிடுவதில்லை. சராசரியாக இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் புலத்தின் பக்கம் சாய்கின்றன, அவ்வளவே. அந்தச் சிறு சாய்வைக் கணக்கிட டெபாய் எடுத்துக்கொண்ட முறை அவருடையதன்று. பால் லான்ஷவன் 1905இல் காந்த மூலக்கூறுகளுக்கு எழுதிய கணக்கை அவர் மின்னியலுக்கு மாற்றிக்கொண்டார்.

இந்த இடத்தில் தடம் திசை மாறுகிறது. மின் இருமுனையின் முன்னோரைத் தேடிப் போனவன் காந்த ஊசியிடம் வந்து சேர்ந்தேன். வடிவக் கணிதம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் இது வியப்பில்லை. ஆனால் மின்னியலுக்குள்ளேயே ஒரு மூலச் சோதனை ஏன் இல்லை என்ற கேள்வி உள்ளே கிடந்து உறுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காந்தத் தடம் நன்கு பதிந்த தடம். 1832 டிசம்பரில் கௌஸ் கோட்டிங்கனில் அளித்த லத்தீன் ஆய்வுரை, புவிக்காந்தத்தின் வலிமையைத் தனி அலகுகளில் அளக்கும் முறையைச் சொல்கிறது. ஊசியை ஊசலாட விட்டால் ஊசியின் திருப்புத்திறனும் புவிப்புலமும் பெருக்கிய தொகை கிடைக்கும். அதே ஊசியால் வேறொரு ஊசியை விலக்கினால் இரண்டின் விகிதம் கிடைக்கும். பெருக்கலும் விகிதமும் கையில் இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். அழகான ஏற்பாடு. ஆனால் ஊசியைப் புவி திருப்புகிறது, இழுக்கவில்லை என்பது கௌஸுக்கும் தொடக்கப்புள்ளிதான், முடிவு அல்ல.

அவருக்கும் முன்னால் கூலும். திசைகாட்டி ஊசிகளைச் செய்யச் சிறந்த வழி எது என்று பாரிஸ் அறிவியல் கழகம் கேட்ட போட்டிக்கு அவர் எழுதிய கட்டுரை 1777இல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதில் ஒரு கருதுகோளைத் தெளிவாக வைக்கிறார்: புவியின் காந்தச் செயல் ஊசியின் நீளம் முழுவதும் இணையான திசைகளில், ஒரே வலிமையில் இருக்கிறது, வடக்கே இழுக்கும் விசைகளின் தொகையும் தெற்கே இழுக்கும் விசைகளின் தொகையும் சமம், எனவே ஊசி காந்த நெடுங்கோட்டிலிருந்து விலகினால் அதை மீட்கும் திருப்பம் விலகல் கோணத்தின் சைனுக்கு நேர்விகிதம். 'காந்த' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மின்' என்று எழுதினால் பாடநூல் வாய்பாடு அப்படியே நிற்கும். ஆனால் சமமான, எதிரெதிரான இணை விசைகளுக்கு 'இரட்டை' என்று தனிப் பெயரும், அதை எந்த ஒற்றை விசையாலும் சமன்செய்ய முடியாது என்ற தேற்றமும் புவான்சோவின் நிலையியல் நூலோடுதான் வந்தன. அது 1803. கூலும் அந்தச் சொல் இல்லாமலே காரியத்தை முடித்திருக்கிறார்.

கூலுமின் 'சமம்' எங்கிருந்து வந்தது? ஒரு காந்தத்தின் இரு துருவங்களும், சம தொலைவில், சரியாகச் சம அளவில் இழுக்கும் அல்லது தள்ளும் என்று ஜான் மிச்செல் 1750இல் செயற்கைக் காந்தங்கள் பற்றிய நூலில் எழுதியிருந்தார். இரு முனைகளும் சமம் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் இது காந்தத்துக்கும் காந்தத்துக்கும் இடையிலான அளவீடு. புவியின் புலத்தில் ஊசி நகராது என்பதைக் கண்டவர் இன்னும் சிக்கவில்லை.

வில்லியம் கில்பர்ட்டின் 1600ஆம் ஆண்டு நூலான 'டி மாக்னெட்'டில் அந்தப் பெயர் இருக்கிறது: ராபர்ட் நார்மன். கடலோடி, கைத்தேர்ச்சியுள்ள கருவி செய்பவர் என்று கில்பர்ட் அவரைப் பாராட்டுகிறார். பல்கலைக்கழகத்து ஆசான்களை எளிதில் பாராட்டாத மனிதர் ஒரு தொழிலாளியைப் பெயர் சொல்லிப் புகழ்வது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

நார்மன் 18, 20 ஆண்டுகள் கடலில் கழித்துவிட்டு, லண்டனில் தேம்ஸ் கரையிலுள்ள ராட்கிளிஃபில் திசைகாட்டி செய்து வாழ்ந்தவர். 1581இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறு நூல் 'தி நியூ அட்ராக்டிவ்'. பெர்லினில் குஸ்தாஃப் ஹெல்மன் 1898இல் பழங்காந்த நூல்களைத் திரட்டி மறுபதிப்பாக வெளியிட்ட தொகுதியிலும் இது இருக்கிறது. கதை ஒரு தொழிற்சிக்கலில் தொடங்குகிறது. ஊசியைக் கூர்முனையில் சரியாகச் சமன்செய்து வைப்பார். காந்தக்கல்லால் தேய்த்த பிறகு வடமுனை தாழும். தென்பக்கம் மெழுகு ஒட்டிச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஒரு தடவை ஆறு அங்குல ஊசியுள்ள கருவி ஒன்றைச் செய்யும்போது, தாழ்ந்த முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சமன்செய்யப் பார்த்து, ஊசி குட்டையாகிக் கெட்டுவிட்டது. அந்தக் கோபத்தில்தான் இதன் காரணத்தைத் தேடக் கிளம்பினேன் என்று அவரே எழுதுகிறார். ஊசியைக் கிடை அச்சில் தொங்கவிட்டு லண்டனில் அவர் அளந்த சரிவு 71 பாகை 50 கலை. (சரிவு என்பது காந்த ஊசி கிடைமட்டத்துக்குக் கீழே சாயும் கோணம். காந்த நிலநடுக்கோடு கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் செல்வதால், இன்று அங்கே அதே கருவி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். நார்மன் இன்று அங்கே தொழில் செய்திருந்தால் மெழுகுக்கு வேலையே இருந்திராது.)

சரிவை முதலில் கண்டவர் நார்மன் என்று பல நூல்களில் படிக்கிறோம். இதில் ஒரு திருத்தம் வேண்டும். நியூரம்பெர்கின் கேயார்க் ஹார்ட்மன் 1544 மார்ச்சில் பிரஷியக் கோமகன் ஆல்ப்ரெக்டுக்கு எழுதிய கடிதத்தில், ஊசி சுமார் 9 பாகை தாழ்வதைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதம் ஆவணக் காப்பகத்தில் கிடந்து 1831இல்தான் வெளியுலகுக்கு வந்தது. 9 பாகை மிகக் குறைவு. அவருடைய ஊசி கிடைமட்டமாகச் சுழலச் செய்யப்பட்டது, முழுச் சரிவுக்கு இடம் தந்திருக்காது. கண்டதில் முந்தியவர் ஹார்ட்மன், அளந்து அச்சிட்டதில் முந்தியவர் நார்மன். நம் கேள்விக்கு இந்த முன்னுரிமை முக்கியமில்லை. நார்மன் அடுத்து செய்ததுதான் முக்கியம்.

வடமுனை தாழ்கிறது என்றால், பூமிக்குள் ஏதோ ஒன்று அதைக் கீழே இழுக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த நாளைய பேச்சில் அதற்கு 'பாயிண்ட் அட்ராக்டிவ்', ஈர்க்கும் புள்ளி, என்று பெயர். இழுத்தால் எடை கூட வேண்டுமே என்று நார்மன் கேட்டார். சிறு எஃகுத் துண்டுகளைப் பொன் நிறுக்கும் நுண்தராசில் ஈயத்தால் எடைகட்டி, பிறகு காந்தக்கல்லால் தேய்த்து, மீண்டும் நிறுத்தார். எடை கூடவில்லை.

இதோடு நிற்கவில்லை. இரண்டு அங்குலமோ சற்றுக் கூடுதலோ நீளமுள்ள எஃகுக் கம்பியை ஒரு தக்கையின் நடுவே குத்தினார். ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் நல்ல நீர் நிரப்பி, காற்றுப் படாத அமைதியான இடத்தில் வைத்தார். தக்கையைக் கத்தியால் இம்மி இம்மியாகச் செதுக்கினார். மிதக்காமலும் மூழ்காமலும், நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே, இரு முனையும் சமமாகக் கம்பி நிற்கும்வரை. பிறகு வெளியே எடுத்து, தக்கை நகராமல் காந்தக்கல்லால் தேய்த்து, திரும்ப நீரில் விட்டார். கம்பி வடக்கு நோக்கித் திரும்பியது, வடமுனை சரிந்தது, ஆனால் அடியில் போய் விழவில்லை. கீழ்நோக்கிய ஈர்ப்பு இருந்திருந்தால் மூழ்கியிருக்க வேண்டும், மேலே உள்ளதைவிட அடி அந்தப் புள்ளிக்கு அருகில்தானே என்று அவர் வாதிடுகிறார்.

நான் தேடியது இதுவே. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் சான்றைச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 சென்டிமீட்டர் நீளம், 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு உள்ள எஃகுக் கம்பி 0.4 கிராம் இருக்கும். காந்தக்கல்லால் தேய்த்தால் அதன் திருப்புத்திறன் 0.01 ஆம்பியர் சதுர மீட்டர் என்றும், புவிப்புலம் 50 மைக்ரோடெஸ்லா என்றும் வைத்துக்கொள்கிறேன். இவை சுமாரான ஊகங்களே. அப்போது ஒவ்வொரு முனையிலும் செயல்படும் விசை ஏறத்தாழ 1 மில்லிகிராமின் எடைக்குச் சமம். அதாவது வடமுனை மட்டும் இழுக்கப்பட்டிருந்தால், நார்மனின் தராசில் கூட வேண்டியது நானூறில் ஒரு பங்கு. நம் ஊர் ஆசாரிகள் வைத்து நிறுத்த குன்றிமணியில் அது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்ல தராசு அதைக் காட்டலாம், காட்டாமலும் போகலாம். எனவே 'எடை கூடவில்லை' என்பதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தக்கைச் சோதனை வேறு தரத்தது. நீரில் எடையற்று நிற்கும் பொருளுக்கு உராயும் தாங்கி ஏதும் இல்லை. எவ்வளவு சிறிய விசையும் அதை நகர்த்தும். 1 மில்லிகிராம் கூடுதல் எடை, அந்த அளவுத் தக்கையை நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே கொண்டுபோகும். கண்ணுக்குத் தப்பாது. ஆக, தராசு தடுமாறும் இடத்தில் தக்கை தெளிவாகப் பேசுகிறது.

ஆனால் இங்கே வேறொரு ஐயம். நீருக்குள் ஒரு தக்கையை இடைநிலையில் நிறுத்துவது லேசான காரியமில்லை. சற்றுக் கீழே போனால் நீரழுத்தத்தில் தக்கை சுருங்கும். சுருங்கினால் இன்னும் கீழே போகும். நேரம் ஆக ஆக நீரை உறிஞ்சிக் கனக்கும். அடிநீர் குளிர்ந்தும் மேல்நீர் சற்று வெதுவெதுப்பாகவும் இருந்தால்தான் அது ஒரு மட்டத்தில் நிலைகொள்ளும். 'இம்மி இம்மியாக', 'அமைதியான இடம்', 'காற்றுப் படாமல்' என்று நார்மன் கொடுக்கும் எச்சரிக்கைகள் இந்தத் தொல்லைகளை அனுபவித்தவரின் எச்சரிக்கைகள். மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்தவருக்கு இவை தோன்றா. அவர் உண்மையாகவே இதைச் செய்தார் என்று நான் நம்புவதற்கு இதுவே பெரிய காரணம்.

'இழுப்பே இல்லை' என்றால் அது முழு உண்மையா? கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. பூமியின் புலம் சரியாகச் சீரானது அன்று. ஆழம் போகப் போகச் சற்று வலுக்கிறது. அதனால் கீழ்முனைக்கு ஒரு பொடிக் கூடுதல் விசை உண்டு. ஆனால் 5 சென்டிமீட்டர் கம்பியை 6,400 கிலோமீட்டர் ஆரத்தோடு ஒப்பிட வேண்டும். மிஞ்சும் விசை, ஒரு முனையின் விசையில் சுமார் நான்கு கோடியில் ஒரு பங்கு. நார்மனின் பாத்திரத்துக்குள் இருந்த அளவு சீரான புலத்தை இன்றைய ஆய்வகத்தில் செய்து எடுப்பதும் பெரும்பாடு. அதை அவருக்குப் பூமி இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

சோதனை சரி; முடிவில்தான் அவர் எல்லை கடந்தார். கம்பி நகரவில்லை, ஆகவே ஈர்ப்பே இல்லை என்று எழுதினார். ஈர்க்கும் புள்ளிக்குப் பதிலாக 'பாயிண்ட் ரெஸ்பெக்டிவ்' என்று ஒன்றை வைத்தார். ஊசி அதை நோக்குகிறது, அது ஊசியை இழுப்பதில்லை என்பது பொருள். நோக்கும் புள்ளி எனலாம். ஆனால் நிகர விசை சுழி என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: விசையே இல்லாதிருப்பது, அல்லது இரு விசைகள் ஒன்றையொன்று அழிப்பது. தக்கையால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. மிச்செலின் 'இரு துருவமும் சமம்' வந்த பிறகே இரண்டாவது காரணம் நிற்க இடம் கிடைத்தது. கூலும் அதைக் கணக்காக்கினார். பாடநூலின் அந்த ஒரே வாக்கியத்தில் 'நிகர விசை சுழி' என்ற பாதி 1581இன் சொத்து. 'ஏனெனில் இரண்டு விசைகள் சமம், எதிர்' என்ற பாதி 18ஆம் நூற்றாண்டின் சொத்து. இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்.

இனி அந்த உறுத்தல்: மின்னியலில் ஏன் ஒரு நார்மன் இல்லை?

கில்பர்ட்டிடமே விடைக்கான தடயம் இருக்கிறது. மின்கவர்ச்சியைச் சோதிக்க அவர் கூர்முனையில் சுழலும் இலேசான உலோக ஊசி ஒன்றைச் செய்தார். 'வெர்சோரியம்', அதாவது சுழலி. தேய்த்த அம்பரை அருகே கொண்டுவந்தால் ஊசி அதன் பக்கம் திரும்பும். அம்பரின் புலத்தில் ஊசியின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் பிரிவதால் அது தற்காலிக இருமுனை ஆகிறது. ஆனால் அம்பரின் புலம் அருகே வலுத்து, தொலைவில் வேகமாகத் தேய்வது. கிட்ட இருக்கும் முனையின் இழுப்பு, எட்ட இருக்கும் முனையின் தள்ளலை விஞ்சிவிடும். அதனால்தான் கூர்முனையில் தாங்காத உமியும் துரும்பும் திரும்பியதோடு நிற்காமல் அம்பர் மேல் போய் ஒட்டின. கண்ணுக்குத் தெரிந்தது எப்போதும் இழுப்புதான். சீரான காந்தப்புலத்தைப் பூமி கொடுத்தது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய நிலையான இருமுனையைக் காந்தக்கல் கொடுத்தது. மின்னியலுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. வானிலை தெளிந்த நாளில் தரைக்கு மேல் மீட்டருக்கு 100 வோல்ட் அளவில் ஒரு மின்புலம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் திரும்பிக் காட்ட நிலையான மின் ஊசி யாரிடமும் இல்லை. காந்தத்துக்கு இணையான நிலைமின் பொருளை, எலெக்ட்ரெட்டை, ஜப்பானியர் மொதோதாரோ எகுச்சி மெழுகும் பிசினும் கலந்து உருக்கி, மின்புலத்தில் உறையவைத்துச் செய்து காட்டியது 1919இல்தான். அதிலும் காற்றிலுள்ள அயனிகள் மெல்லப் படிந்து அதன் மின்னூட்டத்தை மறைத்துவிடும். காந்த ஊசிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இருப்பினும் நார்மனின் பாத்திரத்துக்கு மிக நெருங்கிய மின்வடிவம் ஒன்று பள்ளி ஆய்வகங்களில் இருக்கிறது. ஆழமில்லாத கண்ணாடித் தட்டில் விளக்கெண்ணெய் ஊற்றி, மேலே ரவையைத் தூவுகிறார்கள். எண்ணெயில் இரண்டு இணைத் தகடுகளை நிறுத்திச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், ரவை மணிகள் புலத்தில் இருமுனைகளாகி, நெட்டுவாக்கில் தகட்டுக்குத் தகடு கோடுகளாக நிற்கும். தகடுகளுக்கு நடுவே புலம் சீராக இருக்கும் பகுதியில் கூட்டமாக ஒரு தகட்டை நோக்கி ஓடுவதில்லை. தகட்டை எடுத்துவிட்டு ஒரு கூர்முனைக் கம்பியை வைத்தால் புலம் சீர்குலைகிறது, மணிகள் முனையை நாடி நெருங்கத் தொடங்குகின்றன. இதையும் நார்மனின் தக்கை அளவுக்குத் தூய சான்றாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு மணியும் தன்னைச் சுற்றி ஒரு சீரற்ற புலத்தை உண்டாக்கி, பக்கத்து மணியை இழுத்துக்கொள்கிறது. ரவை சங்கிலியாகக் கோத்துக்கொள்வது அதனால்தான். எண்ணெயில் ஒரே ஒரு மணியை மட்டும் விட்டு, அது திரும்புவதையும் நகராமல் இருப்பதையும் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தக் குறையும் தீரும். ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குள் செய்துவிடக்கூடிய வேலைதான் அது.